தானாக நகர்ந்த அம்பு

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கு உப்பளத்துக் காற்று நேராக வரும். கம்ப்யூட்டரைப் பழைய புடவையால் மூடித்தான் வைத்திருப்பேன். அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. புதுச்சேரியிலிருந்த ஒரு கம்பெனிக்காக, வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுத்தேன். வேலையில் சேர்ந்தபோது கம்பெனி ஆள் வந்து அதில் அவர்களுடைய பூட்டுகளைப் போட்டுவிட்டுப் போனார். நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாதாம். ஃபிளாப்பி, சிடி எதிலும் எழுத முடியாது. எந்த புரோகிராமையும் புதிதாக ஏற்றவோ நீக்கவோ அவர்களுடைய பாஸ்வேர்டு வேண்டும்.

மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். பூட்டை எடுக்க யாரும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம். ஒரு நாள் மகளைத் தூளியில் தூங்க வைத்துவிட்டு, மெயில் பார்க்க இன்டர்நெட் போட்டேன். அடுப்பிலிருந்த பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், திரையில் மவுஸ் அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. அறையில் வேறு யாருமில்லை. அம்பு நிதானமாகப் போய் ஒரு ஃபோல்டரைத் திறந்தது. மகளை நான் குளிப்பாட்டும்போது அவள் அப்பா எடுத்த போட்டோக்கள் அதில் இருந்தன. நனைந்த நைட்டியோடு நானும் இருந்தேன். ஒரு போட்டோ பெரிதானது. மூடியது. அடுத்தது திறந்தது.

இன்டர்நெட் வரும் டெலிபோன் வயரைப் பிடித்து இழுத்தேன். அம்பு நின்றது. ஜன்னல்களைச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் சாயங்காலம் வந்ததும் சொன்னேன். கம்ப்யூட்டரை உடைத்துவிடலாம் என்றார். மகளின் முதல் வருஷம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. பூட்டை எடுக்காமல் அதை வெளியே எடுக்கவும் வழியில்லை.

மறுநாள் அவருடைய செல்போனிலிருந்து கம்பெனிக்குப் பேசினோம். புதிதாகச் சேர்ந்த சிஸ்டம் ஆளிடம் கொடுத்தார்கள். பூட்டுகளோடு போட்டிருந்த ஒரு புரோகிராம் வழியாக, கம்பெனி கம்ப்யூட்டர் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டதாகச் சொன்னான். மறுபடி இன்டர்நெட் போட்டால் அங்கிருந்தே பூட்டுகள் எல்லாவற்றையும் நீக்கித் தருவானாம்.

இன்னொரு தடவை அவனை உள்ளே விடுவதா? கணவரிடமிருந்து போனை வாங்கினேன்.

"போட்டோவெல்லாம் பாத்தீங்களா?"

"சாரி மேடம். தெரியாம தொறந்துட்டேன்" என்றான்.

"ஒண்ணு தெரியாம தொறந்தீங்க. அடுத்தது?"

அவன் மறுபடி சாரி என்றான். "பாஸ்வேர்ட சொல்லுங்க. நானே எடுத்துக்கறேன். இல்லன்னா உங்க மேனேஜர்கிட்ட பேசறேன்."

வேலை போய்விடும் என்று கெஞ்சினான். நான் போனை வைக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். விரல் வழுக்கி இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவையும் தப்பானால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளுமோ என்று கணவரை டைப் அடிக்கச் சொன்னேன். திறந்தது. அவன் சொல்லச் சொல்ல, உள்ளே வர அவர்கள் வைத்திருந்த புரோகிராமை நீக்கினேன், தடைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சத்தியமாக இல்லை என்றான்.

வயரை மாட்டாமலே போட்டோக்களைச் சிடியில் எழுதினேன். இப்போது தடையில்லாமல் எழுதியது. கம்ப்யூட்டரிலிருந்து அவற்றை அழித்த பிறகுதான் இன்டர்நெட் போட்டோம். இரண்டு பேரும் மவுஸைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பு அசையவில்லை.

"அவ்ளோதான், விடு" என்று சொல்லிவிட்டு அவர் லோடு ஏற்றக் கிளம்பினார்.

என்னால் விட முடியவில்லை. அன்றைக்கு அந்தப் போட்டோக்களை அவன் பார்த்ததோடு நிறுத்தினானா, எடுத்தும் வைத்துக்கொண்டானா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் இல்லையென்றுதான் சொல்லியிருப்பான்.