சேலையில் ஒட்டிய சிவப்பு அம்பு

விஜயராணி அக்காவின் கண் பொல்லாத கண். திருப்பூர் அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளுக்கு அவர்தான் சூப்பர்வைசர். துணியை உள்பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் டப்பென்று சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். அம்பு விழுந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். புருஷனை இழந்து, கைக்குழந்தை முனீஸோடு விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவர், அந்தக் கண்ணை வைத்தே பிழைத்து அவனை ஆளாக்கினார்.

அந்த முனீஸ்தான் எங்கள் டேபிள் தரணியைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். தரணி உடுமலைக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துப் பெண். அவள் அம்மா மாரக்காள் போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "கீழ இருக்கறவங்க எங்களெ மதிப்பாங்களோ என்னமோங்க. ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் பேசட்டுங்க."

"மதிக்காம என்னட்டி? நடந்தே போயிக் கேப்போம்," என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். பெரியவர்கள் முதலில் பேசணுமாம், முனீஸ் வர வேண்டாமாம். ஆடி மாதம். திருப்பூரில் பேருக்கு ஒரு தூறல்கூட இல்லை. மலையிலோ ஊற்று ஊற்றென்று ஊற்றியது. ஜீப் போகும் பாதையை வெள்ளம் அரித்திருந்ததால் அடிவாரத்திலிருந்தே நடைதான்.

செருப்பு சேற்றில் புதைய, அதைக் கையில் தூக்கிக்கொண்டோம். முதல் ஊரில் ஒரு அம்மா கடுங்காப்பி கொடுத்து, "அட்டை கடிச்சா பிய்க்காதீங்க, இதைத் தடவுங்க," என்று உப்புப் பொட்டலமும் கொடுத்தார். அடுத்த ஊரில் நாலு பேர் ஓடிவந்து கைகோத்து எங்களை ஓடை தாண்டவைத்தார்கள். அக்கரையில் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏ ஆத்தி! அந்தப் புள்ள ஊருக்குப் போக லீவு கேட்டப்பல்லாம் ஒரே நாள்ல போயிட்டு வான்னு வெரட்டுனேனே, பாவி!"

சொன்னது உண்மைதான். எனக்கும் சுருக்கென்றது.

மாரக்காள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். லீவு போட்டு முன்கூட்டியே ஊருக்கு வந்திருந்த தரணியும் உள்ளே நின்றாள். வெந்நீர் கொடுத்து, பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்தார். "தரணி மொதச் சம்பளத்துல எடுத்துக் குடுத்ததுங்க. நான் இன்னும் கட்டலீங்க. ஈரத்தோட நிக்காதீங்க, கட்டிக்குங்க."

சேலைக்குக் குத்த ஊக்கு தேடி அக்கா பர்ஸைத் திறந்தார். ஊக்கோடு ஸ்டிக்கர் தாளும் கையில் வந்தது. அவ்வளவுதான், கை அதன் வேலையைப் பார்த்துவிட்டது. சேலையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, இழுத்தார். தோளில் விழும் இடத்தில் பூச்சி அரித்த சின்ன ஓட்டை. டப்பென்று அம்பு.

'அட என் அக்கா!' என்று எனக்கு வாய்வரை வந்தது.

"இதென்னங்க செவப்பா?" மாரக்காள் குனிந்து பார்த்தார்.

அக்காவின் முகம் செத்துப்போனது. பிய்க்கக் கை நீண்டது. நாளெல்லாம் அந்த அம்போடு கிடக்கும் தரணிக்கு அது தெரியாதா? கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஆனாலும் சொன்னாள்: "புடிச்சுப்போனா எங்க கம்பெனில இப்பிடித்தாம்மா ஒட்டுவாங்க."

"அப்படீங்களா! பிய்க்காதீங்க சாமி, இருக்கட்டுங்க," என்று மாரக்காள் அக்காவின் கையைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார். பெண் தருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டார். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த அக்காவுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. காய்ந்த தன் சேலைக்கு மாறித் திரும்பி இறங்கும்போது காலில் அட்டை தொங்குவதுகூடத் தெரியாமல், "வெக்கங்கெட்ட கை, வெக்கங்கெட்ட கை," என்று தன் கையையே திட்டிக்கொண்டு நடந்தார்.

ஆவணியில் அருள்புரத்தில் கல்யாணம். செக்கிங் டேபிள் மொத்தமும் வந்திருந்தது. மாரக்காள் வேனிலிருந்து இறங்கினார். அதே சேலை, தோளில் அதே அம்பு. துவைத்தால் உதிர்ந்துவிடும் என்று துவைக்காமலே எடுத்து வைத்திருந்தாராம்.

அக்கா ஓடிப்போய் அவர் தோளில் கையைப் போட்டார். தாலி கட்டும்போதும், பந்தியிலும், போட்டோவிலும் அந்தக் கையை எடுக்கவே இல்லை. "சம்மந்தின்னா இப்படீல்ல இருக்கோணும்!" என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். தரணி மட்டும் மணமேடையிலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.