குன்னூரிலிருந்து வந்த பெட்டி

கொடைக்கானல் நர்சரியில் அந்தச் செடியை வாங்கியபோதே விற்றவர் கேட்டார்: "எந்த ஊருங்க?" நெய்வேலி என்றேன். "கீழ பூக்காதும்மா. எலைக்காக வேணா வெச்சுக்கங்க" என்றார்.

கிளைவியா என்று பெயர். நிழலில் வளரும் லில்லி வகை. பட்டையான கரும்பச்சை இலைகள் இருபுறமும் விசிறிபோல் விரியும். எங்கள் குவார்ட்டர்ஸின் பின் வராந்தாவில், வெயில் எட்டாத மூலையில் வைத்தேன். வேரில் ஒட்டியிருந்த மலை மண்ணை அலசிவிட்டு, எங்கள் ஊர்ச் செம்மண்ணில் மணலும் இலைமக்கும் கலந்து தொட்டியை நிரப்பினேன். காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாட்களில் இலைமேல் அனல்மின் நிலையச் சாம்பல் படியும், ஈரத்துணியால் துடைப்பேன். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துக் காயவிட்டால்தான் மொட்டு எழும்பும் என்று படித்ததை நம்பி, மார்கழியும் தையும் மனதைக் கல்லாக்கிக்கொள்வேன். வருடங்கள் போயின. இலை வந்தது, பூ வரவில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து கைகால் கழுவப் பின்பக்கம் வரும் என் கணவர், "இன்னும் சோளக்கொல்லைதானா?" என்பார்.

ஒரு தை மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். திண்டுக்கல் போய் ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால், இலைகளுக்கு நடுவே கொத்தாக ஆரஞ்சுப் பூக்கள். உள்ளே தொண்டைப் பகுதியில் மட்டும் மஞ்சள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போன்ல சொல்லவே இல்லையே?"

"நேர்ல பாக்கட்டும்னுதான்" என்று சிரித்தார் அவர். கொஞ்சம் அதிகமாகவே சிரித்த மாதிரி பட்டது.

மாலையில் மாடி வீட்டுப் பெண் பார்க்க வந்தாள். பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரி, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவாள். பூவைக் குனிந்து பார்த்தவள், "நல்லாத்தான் இருக்குதுக்கா. சாரு குன்னூருக்குக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தாரு இல்ல, அப்ப ஒரு பெரிய அட்டப்பெட்டியத் தூக்கிக்கினு வந்தாரு. கொஞ்சம்கூட சாய்க்காம, கொழந்தயத் தூக்கியாற மாதிரி" என்றாள். பூத்த செடியொன்று அந்தப் பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கும் என்று என் மனசு கணக்குப் போட்டது.

இரவு சாப்பாட்டின்போது கேட்டேன்.

"பெட்டியா? கேரட்டு, பீன்சு. கொஞ்சம் வர்க்கி பிஸ்கட்டு."

"எங்க காணோம்?"

"தீந்துபோச்சு."

அவர் தட்டில் கேரட்டை ஒதுக்கி வைக்கிற மனிதர். மறுநாளிலிருந்து அந்தச் செடியை என்னால் செடியாகப் பார்க்க முடியவில்லை. வெளி இலை ஒன்றின் நுனி கிழிந்திருக்குமே, எங்கே? அடியிலை பழுத்து உதிர்ந்திருக்கலாம். உதிராமலும் இருக்கலாம். தொட்டி என்னுடையதுதான், தொட்டி இருந்தால் போதுமா? பூவைப் பார்க்க வந்தவர்கள் "கைராசிக்காரி" என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

அவர் காலை ஷிப்ட் போன ஒரு நாள், மாடி வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டேன். செடியை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு. அவள் தொட்டியைப் பிடித்துக்கொள்ள, நான் அடித்தண்டைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. விளிம்பைத் தட்டித் தட்டி, பழைய கத்தியால் சுற்றிலும் நெம்பியதும் மொத்தமாகக் கழன்று வந்தது. விரல் தடிமனில் வெள்ளை வேர்கள், தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டு சுருண்டு இறுகியிருந்தன. இடையில் விரலை விட்டு நடுவேரைக் கிளறினேன். அங்கேயும் செம்மண்தான். மலையின் கறுப்பு மண் ஒரு சிட்டிகைகூட இல்லை.

"நம்மூரு மண்ணுதாங்க்கா" என்றாள் அவள், கொஞ்சம் ஏமாந்த குரலில்.

மறுபடி நடுவதற்குள் அவர் வந்துவிட்டார். பேப்பர்மேல் கிடந்த செடியையும் எங்கள் கைகளையும் பார்த்தார். மாடி வீட்டுப் பெண் பால் அடுப்பில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"என்ன தேடற?"

"நீங்க மாத்தி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார். "மாத்தத்தான் வாங்கினு வந்தேன்" என்றார். "பூவோட இருந்துச்சு. அம்மாவைப் பாத்துக்கிட்டு அலுத்துப்போயி வருவியே, பாத்தா சந்தோஷப்படுவன்னு. பஸ்ஸு ஆட்டத்துல பாதிப் பூ கொட்டிருச்சு. இங்க கொண்டாந்து எறக்குனா, உன்னுதுல எலைக்கு நடுவால மொட்டு தெரியுது."

"அப்ப அது எங்க?"

"மீதிப் பூவும் கொட்டினப்புறம், மந்தாரக்குப்பத்துல என்கூட வேல செய்யறவர் வூட்டுல குடுத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"உன்னுது தானா பூத்திருக்கு. பக்கத்துல இன்னொண்ண வெச்சா, யாரு நம்புவா?"

எனக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. செடியை நட்டோம், இருவருமாக. வேர் அலைக்கழிந்ததில் பூக்கள் சீக்கிரமே வாடி உதிர்ந்தன. அடுத்த வருடம் அது பூக்கவே இல்லை.

ஆனால் செடியை மறுபடி நட்ட அந்த வார ஞாயிற்றுக்கிழமையே, "அந்தச் செடியப் பாக்கணும்" என்றேன். இன்னுமா என்பதுபோல் பார்த்தவர், ஸ்கூட்டரை எடுத்தார். மந்தாரக்குப்பத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில், உச்சி வெயிலில் நின்றது செடி. இலைகள் வெளுத்துத் தீய்ந்திருந்தன. அடியில் கறுப்பு மண். அந்த வீட்டம்மா, "பெரிய பூவா பூக்கும்னு சாரு சொன்னாருங்க. இது வெங்காயத் தாளு மாதிரியில்ல கெடக்குது. நெசமாவே பூக்குமா?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிழல்ல வைங்க, பூக்கும்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியை மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்தோம்.