ஃப்ராலிக்: ஒரு பதில் மனுவில் வந்த சொல்

கோவில்பட்டியில் முப்பது வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

பேச்சியம்மாளின் கணவர் ஒரு தீப்பெட்டி ஆலையில் வேன் டிரைவர். தூத்துக்குடியில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பசுவந்தனை சாலையில் வேன் கவிழ்ந்து இறந்துபோனார். இழப்பீடு கேட்டு மனுப் போட்டோம். நேர் வழியை விட்டுத் தன் இஷ்டத்துக்கு வண்டியைத் திருப்பினார், ஆகவே நாங்கள் பொறுப்பல்ல என்று ஆலை பதில் மனுக் கொடுத்தது. டிரைவர் செய்ததற்கு அதில் போட்டிருந்த ஆங்கிலச் சொல், ஃப்ராலிக்.

என்ன எழுதியிருக்கிறது என்று பேச்சியம்மாள் கேட்டார். ஏதோ சட்ட வார்த்தை, சீனியர் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று மழுப்பினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அர்த்தத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. கேட்டுட்டுத்தான் போவேன்."

அகராதியை எடுத்தேன். துள்ளி விளையாடுதல், கும்மாளம் என்று போட்டிருந்தது. மகிழ்ச்சியான என்று பொருள்படும் டச்சுச் சொல் ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாம். கோர்ட்டில் அதற்கு, முதலாளி வேலையை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குச் சுற்றப் போவது என்று அர்த்தம். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு நாக்கு கூசியது.

அவர் அழவில்லை. "காய்ச்சலோட போனாவ. பசுவந்தனையில தீப்பெட்டி பண்டல் ஏத்திட்டு வரச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டாருன்னு எனக்குப் போன்ல சொன்னாவ. இதுவா விளையாட்டு?"

எங்கள் மனுவில் இந்தச் செய்தியே இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. மேனேஜரோ அப்படிக் கூப்பிடவே இல்லை என்று சாதித்தார். மனைவியின் பேச்சு மட்டும் போதாது, அங்கே ஆலைக்குப் பண்டல் கட்டுகிறவர்கள் யாராவது சாட்சி சொல்ல வேண்டும் என்றார் சீனியர்.

பேச்சியம்மாளும் நானும் பசுவந்தனைக்குப் பஸ் ஏறினோம். விசாரித்ததில், பண்டல் கட்டும் செல்வி என்ற பெண்ணுக்கு விஷயம் தெரியும் என்றார்கள். முதல் தடவை போனபோது அவர் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாம் தடவை, வேலை போய்விடும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு விட்டுவிடலாம் என்று தோன்றியது. பேச்சியம்மாள் அடுத்த வாரமும் என்னை அழைத்துக்கொண்டு போனார்.

"எங்க வீட்டுக்காரவிய விளையாடப் போயிச் செத்தாவன்னு எழுதிருக்காங்க, செல்வி. நீயும் அப்படித்தான் சொல்லுதியா?"

"வந்து சொல்லுதேன்க்கா" என்றார் செல்வி.

சொன்னார். வேன் வரும், பண்டலை வாசலில் எடுத்து வை என்று மேனேஜர் அன்று தனக்கும் போன் செய்ததையும், தான் இருட்டும்வரை காத்திருந்ததையும் வழக்கை விசாரித்த இழப்பீட்டு ஆணையர் முன் சொன்னார். குறுக்கு விசாரணையில் அவர் பேச்சு மாறவில்லை. வேலையாகப் போனபோதுதான் டிரைவர் இறந்தார், ஆலை இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. செல்வியை ஆலை நிறுத்திவிட்டது. வேறோர் ஆலையில் சேர அவருக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சட்ட வார்த்தை என்று சொல்லி அன்று நான் பேச்சியம்மாளை அனுப்பியிருந்தால் அந்த வழக்கு தோற்றிருக்கும். அதன்பிறகு, எந்தப் பதில் மனு வந்தாலும் கட்சிக்காரரை உட்காரவைத்து வரிவரியாகத் தமிழில் சொல்கிறேன். நமக்குத் தெரியாதது அவர்களுக்குத்தான் தெரியும்.