கை பொறுக்கும் சூடு

1973ஆம் ஆண்டு, மார்கழி பதினொன்றாம் நாள், காலை ஏழேகால் மணிக்கு என் தம்பி பிறந்தான். நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தருமபுரிக்குச் செல்லும் ஏழு மணி பஸ், ஏரியூர்ச் சாலையில் எங்கள் ஊரைத் தாண்டிப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த பஸ் பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த இரண்டு பஸ்களுக்கு இடைப்பட்ட நேரம்தான் அவன் எங்கள் வீட்டில் வாழ்ந்த காலம். எனக்கு அப்போது ஏழு வயது.

எட்டாம் மாதம் தொடங்குமுன்பே பிறந்துவிட்டவன் அவன். பிரசவம் பார்த்த நர்சம்மா அவன் பாதத்தைத் தொட்டதும் முகம் மாறினார். "சில்லுனு இருக்குது. மூணு மணி பஸ்ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரணும். அதுவரைக்கும் சூடு கொறையக் கூடாது. பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, துணி சுத்தி, ரெண்டு பக்கமும் வைங்க. கை பொறுக்குற சூடா இருக்கட்டும்" என்றார். அடுத்த ஊரிலும் ஒருத்திக்கு வலி எடுத்திருந்தது. இரண்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, வந்து காத்திருந்த மாட்டுவண்டியில் ஏறிப் போனார்.

பாட்டிலுக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பெங்களூருக்கு லாரி ஓட்டிய மாமா தீபாவளிக்கு வந்தபோது இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் தெருவில் அதற்கு முன் எவரிடமும் அப்படியொன்று இருந்ததில்லை. ஒன்றை வாசற்கல்லில் ஓங்கி அடித்துக் காட்டி, "பாத்தீங்களா மச்சான், லாரி ஏறுனாக்கூட நெளியுமே தவிர ஒடையாதுங்க" என்று சிரித்திருந்தார். அப்பாவுக்கு அன்று அதுவே பெரிய ஆறுதல். கண்ணாடி என்றால் குழந்தையின் அருகில் உடைந்துவிடக்கூடும். ஆபத்து என்றால் உடைவது என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

தண்ணீர் காய்ச்சும் பொறுப்பை அத்தை ஏற்றுக்கொண்டார். அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவர். பின்கொட்டகையில் பட்டுக்கூடுகளை வேகவைத்து நூல் எடுப்பது அவர் தொழில். கொதிக்கும் தொட்டிக்குள் விரல்களை விட்டு நூல்முனையைப் பிடித்து இழுப்பார். ஒரு நாளும் கையை உதறியதில்லை. விரல்நுனிகள் ஊறவைத்த மொச்சையைப்போல் வெளுத்துத் தடித்திருக்கும். "சூடு பாக்கணும்னா அக்காவத்தான் கூப்புடணும்" என்பது அப்பாவின் வழக்கமான பேச்சு. அன்றும் அதைத்தான் சொன்னார்.

அத்தை இரண்டு பாட்டில்களையும் நிரப்பி, மூடிகளைத் திருகி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பொறுக்குது" என்றார். துணியைச் சுற்றி என்னிடம் தந்தார். அறைக்குள் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. துணி வழியாகவே என் கை சுரீரென்றது.

"அத்தே, சுடுதுங்க."

"இதா சுடுது? ஒன் கையி பூவாட்டம் இருக்குது கண்ணு. நாளைக்குப் போற வூட்டுல சோறு வடிக்கவே ஒரு ஆளு வெக்கணும் போல."

படுத்திருந்த அம்மாகூட இலேசாகச் சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதன்பின் நான் சொல்லவில்லை. மணிக்கு ஒரு முறை தண்ணீர் மாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நான்காவது முறை கடிக்காமலேயே நடக்க முடிந்தபோது, அத்தையின் கை எனக்கும் வாய்க்கிறது என்று பெருமைப்பட்டேன். பாட்டில்களின் அடிப்பாகம் இளகித் தொப்பை வைத்திருந்ததையும் கண்டேன். கண்ணாடியாக இருந்தால் அந்தச் சூட்டுக்கு விரிசல் விட்டு எங்களை எச்சரித்திருக்கும். இது உடையாத பொருள், எதையும் சொல்லவில்லை.

தம்பியும் அழவில்லை. "கதகதப்பா இருக்குது, அதான் தூங்குறான் மவராசன்" என்றார் அத்தை. பிறந்தபோதும் அவனுக்கு அழப் போதிய மூச்சு இருக்கவில்லை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு நர்சம்மா வந்து துணியை விலக்கினார். இரு பக்கமும் தொடையும் விலாவும் செக்கச் சிவந்து, ஓரிடத்தில் தோல் நீர்கோத்திருந்தது. அவர் ஒரு பாட்டிலை எடுத்துத் தம் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"யாரு சூடு பாத்தது?"

"நாந்தாங்க. கை பொறுக்குதுன்னுதான்…" என்று அத்தை தம் கையை நீட்டினார்.

நர்சம்மா அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "யாரு கைன்னு நான் சொல்லாமப் போயிட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணி பஸ்ஸில் அவரும் அப்பாவும் தம்பியைக் கொண்டுபோனார்கள். பென்னாகரம் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டதாம். விளக்கு வைக்கும் நேரத்தில், தோட்டத்து வேலியோரம் குழி வெட்டி மூடிவிட்டுத்தான் அப்பா வீட்டுக்குள் வந்தார். சூட்டாலா, முன்கூட்டிப் பிறந்ததாலா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை, அம்மாவுக்கு ஊற்ற வெந்நீர் விளாவிய அத்தை, அண்டாவுக்கு மேலே நீட்டிய கையைத் தொடாமலே பின்னிழுத்துக்கொண்டார். "நீ வந்து பாரு கண்ணு" என்று என்னைக் கூப்பிட்டார். நான் கையை நீட்டியபோது உள்ளங்கையின் சிவப்பையும் அதன் நடுவிலிருந்த சிறு கொப்புளத்தையும் கண்டார். வெகுநேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நீ சொன்னியே கண்ணு" என்றார். "சுடுதுன்னு நீ சொன்னியே."

நான் ஒரே ஒரு முறைதான் சொன்னேன். பிறகு ஐந்து முறை சொல்லாமல் சுமந்தேன். அவர் என்னைப் பாராட்டுகிறார் என்று எண்ணி, ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலால் அத்தையின்மேல் எதை ஏற்றிவைத்தேன் என்று எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் சரியான சூட்டில்தான் இருந்தது. ஆனாலும், இன்னொரு சொம்பு பச்சைத்தண்ணீர் எடுத்து அதில் ஊற்றினேன்.