மூன்று கேமராவும் ஒரு செங்கல் சுவரும்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆலையில் 'ரிஜெக்டு' என்று பெயர். அவர் காதுபடச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டால், "என்னக்கா, ரிஜெக்டு இன்னிக்கு வீட்ல எதைத் தள்ளினாரு?" என்று வாய் கூசாமல் கேட்பார்கள். நானும் கோபித்துக்கொள்வதில்லை. இல்லாததையா சொல்லிவிட்டார்கள்?

குழந்தைகளுக்கான மருந்தை ஊற்றி அடைக்கிற கண்ணாடி பாட்டில் செய்யும் ஆலை அது. இவர் அங்கே பரிசோதகர். வெள்ளை வெளிச்சம் எரியும் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் கிணுகிணுத்துக்கொண்டு நகர்ந்து போகும். அதிலிருந்து ஒன்றை எடுத்து, இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணில் லென்ஸை வைத்து அதன் வாய் விளிம்பைப் பார்ப்பார். மயிரிழைக் கீறலோ பொடிக் குமிழியோ இருந்தால் போதும், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். அந்த விளிம்பிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து, மருந்தோடு மருந்தாக ஒரு குழந்தையின் தொண்டைக்குள் போய்விட்டால் என்ன ஆவது என்பதுதான் அவருடைய கவலை. அதில் நான் குறையே சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவருகிறாரே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பழக்கடைக்காரர் இவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். புதுச் சட்டை வாங்கினால் அதை உள்பக்கம் வெளியே இழுத்துத் தையலைப் பார்ப்பார். மிக்சி இரண்டு முறை கடைக்குப் போய்த் திரும்பி வந்தது. என் சமையலுக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த பெரிய பாராட்டு "பரவால்ல". ஒருநாள் தண்ணீர் டம்ளரில் ஏதோ கறை என்று நான் சொல்லிவிட்டேன். "டம்ளரைத் திருப்பு" என்றார். திருப்பினேன்.

"கறையும் கூடவே திரும்புதா?"

"இல்லீங்க, அது அங்கயேதான் நிக்குது."

"அப்ப அது டம்ளர்ல இல்ல. உன் மூக்குக்கண்ணாடியில இருக்கு. போய்த் தொடச்சிட்டு வா."

ஆலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கும் இதுதான் அவர் சொல்லும் முதல் விஷயமாம். சந்தேகம் வந்தால் பொருளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கேமரா ஆசை வந்தது. அதற்குக் காரணம் நானேதான், அதாவது என் கன்னம். ஒருநாள் சும்மா இருக்காமல் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னைப் போனில் படம் எடுத்தார். எடுத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"உன் தழும்பு எங்க?"

என் வலது கன்னத்தில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று உண்டு. போன் அதை வழித்தெடுத்துவிட்டு, மாவு பூசினாற்போல ஒரு முகத்தை எனக்கு ஒட்டியிருந்தது. எனக்கென்னவோ பிடித்துத்தான் இருந்தது. "நல்லாத்தானே இருக்கு, விடுங்களேன்" என்றேன்.

"என்ன நல்லாருக்கு? இது நீயே இல்ல. இருக்கறத இல்லன்னு காட்டறதுக்கு எதுக்கு ஒரு மிஷின்?"

அன்றைக்குப் பிடித்தது பித்து. ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கேமராப் பேச்சு, காலையில் டீக்குப் பக்கத்தில் கேமராப் பேச்சு. சட்டைப் பையில் போகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் உள்ளே வெளிச்சத்தை வாங்குகிற தகடு பெரிய கேமராவில் இருப்பதுபோல் பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் மங்கிய விளக்கிலும் படம் பொரிபொரியாக வராமல் இருக்குமாம். தினமும் கையிலேயே இருக்க வேண்டுமாம். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருகிற கேமரா எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பிரயோஜனம் என்றார். அது மட்டும் எனக்கும் நியாயமாகப் பட்டது.

கடைசியில் வாங்கியும் வந்தார். வாஸ்தவத்தில் அழகான சாமான்தான். சோப்புக்கட்டி அளவு இருக்கும், ஆனால் கை அதன் கனத்தை உணரும். பொத்தானை அழுத்தினால் லென்ஸ் ஆமைத் தலைபோல வெளியே வரும். பின்னால் திரை இருக்கிறது. போதாததற்கு மூலையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கக் குட்டியாக ஒரு ஜன்னல்.

"திரையில பாத்தாப் போதாதா? எதுக்கு இந்த ஓட்டை?" என்று கேட்டேன்.

"வெயில்ல திரை செத்துப்போகும். கண்ணுல வெச்சுப் பாக்கறதுதான் பார்வை" என்றார். பாட்டில் பார்க்கும் அதே வலது கண்ணை அதில் பொருத்தி, இடதை இறுக மூடிக்கொண்டார்.

வாங்கிய பத்து நாளுக்குள் குறை கண்டால் கடையில் மாற்றித் தருவார்கள். விடுவாரா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். சாயங்காலம் அடுப்படியில் விளக்கைப் போடக் கூடாது என்றார். இருட்டில் நான் கரண்டியால் கிளற வேண்டும், கை அசைவு கலைகிறதா என்று அவர் பார்ப்பார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நில் என்பார். நடந்து வா என்பார், திரும்பிப் போ என்பார். "அடுப்புல இருக்கறது அடிப்பிடிச்சா அதையும் படம் எடுத்துக்கங்க" என்று கத்தினேன். அதையும் எடுத்தார். படம் எடுக்கும்போது சத்தமே இல்லை, நிறம் பொய் சொல்லவில்லை, என் தழும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. பேட்டரி மட்டும் மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறது என்று மூக்கால் அழுதார். அதை மன்னித்தும் விட்டார்.

கடைசிப் பரீட்சை செங்கல் சுவர். எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் பூசாத சுவர். அதன் வலது ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரு துருப்பிடித்த பைப். செங்கல் வரிசை நேராக இருப்பதால் லென்ஸின் யோக்கியதை ஓரங்களில் தெரிந்துவிடுமாம். அதை எடுத்து, பெரிய அளவில் பிரிண்ட் போட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, வலது கண்ணில் ஆலை லென்ஸை வைத்துக் குனிந்தார்.

"இடது ஓரம் மசமசன்னு இருக்கு" என்றார்.

முடிந்தது கதை. பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடையில் இருந்த தம்பி பிரிண்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்றான்.

"விக்கறது உங்க வேலை தம்பி. பாக்கறது என் வேலை."

அந்தப் பையன் மென்று விழுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தான். அதிலும் இடது ஓரம் மசமச. அதற்கும் சிவப்பு ஸ்டிக்கர். மூன்றாவதைக் கொடுக்கும்போது அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் கடை வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்களை எண்ணுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாவதின் பிரிண்ட் வந்த அன்று, அவர் கை கழுவப் போன நேரத்தில் நானும் அதை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எந்த ஓரமும் கெட்டதாகத் தெரியவில்லை. கடுப்பில் மேசையில் போட்டேன். வந்து உட்கார்ந்தார், லென்ஸை வைத்தார்.

"பாத்தியா, இதுலயும் அதே கதை. இந்தப் பைப் முழுக்கக் கலங்கிப்போயிருக்கு."

"பைப் நல்லாருக்குன்னீங்களே? போன ரெண்டுலயும் பைப்போட துருவைக்கூட எண்ணலாம்னு சொன்னீங்க. செங்கல்தானே சரியில்ல?"

"இதுல பைப் இடது பக்கமா இருக்கு. அதான் கெட்டுப்போச்சு."

பைப் எப்படி இடது பக்கம் போகும்? அப்போதுதான் கவனித்தேன். நான் போட்ட வேகத்தில் படம் தலைகீழாகக் கிடந்தது. வெறும் செங்கல் சுவர், மேல் எது கீழ் எது என்று யாருக்குத் தெரியும்! சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவளுக்கு அந்த டம்ளர் கறை ஞாபகம் வந்தது. படத்தை மெல்ல நேராகத் திருப்பி வைத்தேன்.

"இப்பப் பாருங்க."

பார்த்தார். "பைப் நல்லாருக்கு. இந்தப் பக்கச் செங்கல்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவரே படத்தைத் திருப்பினார். பார்த்தார். மறுபடி திருப்பினார். லென்ஸை வேட்டியில் துடைத்துவிட்டு, அதையும் ஒரு சுற்றுத் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றினார். அந்தக் கண்ணால் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லென்ஸை மேசையில் வைத்தார்.

"கண்ணுங்க" என்றேன். "ஒண்ணும் இருக்காது. நாளைக்குக் காலையில டாக்டரப் பாத்துடலாம்."

"எத்தன பாட்டில் போயிருக்கும்?" என்றார்.

நான் கண்ணைப் பற்றிப் பேசுகிறேன், மனுஷன் பாட்டிலைப் பற்றிப் பேசுகிறார்! "இடது பக்க விளிம்பை நான் பாக்கவே இல்லையே. பாத்துட்டேன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேனே. எத்தன போயிருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமானதிலிருந்து நான் அவர் அழுது பார்த்ததில்லை. தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவரைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுநாள் காலையில் எங்களுக்குள் பெரிய சண்டை. முதலில் டாக்டர் என்று நான், முதலில் ஆலை என்று அவர்.

"வேலை போயிடும்ங்க. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் சொல்லிக்கலாமே."

"அதுக்குள்ள இன்னொரு லாரி கெளம்பிடும்."

ஆலைக்குத்தான் போனார். மேனேஜர் முன்னால் நின்று, தன் கண்ணில் கோளாறு, தான் பார்த்து அனுப்பியதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்று தன் வாயாலேயே சொன்னார். கிடங்கில் இருந்த பெட்டிகளைப் பிரித்தார்கள். விளிம்பு கீறியவை கிடைக்கத்தான் செய்தன. ஏற்கெனவே வெளியே போனவற்றுக்காக மருந்துக் கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லி, அவர்களும் நிறுத்திச் சோதித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆனதாகச் செய்தி வரவில்லை. இவரைக் கிடங்கு வேலைக்கு மாற்றினார்கள். 'ரிஜெக்டு' என்று இப்போது யாரும் என்னிடம் கேட்பதில்லை. அது எனக்கு வலிக்கும் என்று நினைத்துத்தான் இருக்கும். கேட்காததுதான் வலிக்கிறது.

கண் டாக்டரம்மா தன்மையானவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலது கண்ணில் மூக்குப் பக்கப் பார்வை, அதாவது இடது ஓரம், கொஞ்சம் போய்விட்டது என்றார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும்போது மற்றக் கண் ஈடு கட்டிவிடுமாம். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. போனது வராது, இருப்பதை மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். "இவ்வளவு சீக்கிரமா யாருமே வர மாட்டாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேமரா வாங்கினோம்" என்று நான்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவோம் என்றால் கேட்கவில்லை, கேமராக் கடைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பெட்டியோடு எங்களைப் பார்த்ததும் கடைத் தம்பியின் முகம் தொங்கிப்போனது.

"சார், நாலாவதா?"

"இல்ல தம்பி. நான் திருப்பிக் குடுத்த ரெண்டும் எங்க இருக்கு?"

"உள்ளதான் சார். கம்பெனிக்கு அனுப்பணும்."

"அனுப்பாதீங்க. அதுல ஒரு கொறையும் இல்ல. கொறை என் கண்ணுல."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். இவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வந்து கண்ணாடி மேசை மேல் வைத்தான். இரண்டின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர். ஒட்டியதை உரித்து எனக்குத் தெரிந்து அவருக்குப் பழக்கமே கிடையாது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். தம்பி உதவிக்குக் கை நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினார். பிசுக்கு இருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு கையில் இருந்த மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, "மொதல்ல கொறை சொன்னதையே நான் எடுத்துக்கறேன்" என்றார்.

கடைக்கு வெளியே வந்ததும் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, என்னைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். பழக்க தோஷத்தில் வலது கண்ணைக் கொண்டுபோனவர், நிறுத்தி, இடது கண்ணுக்கு மாற்றினார். அந்தக் குட்டி ஜன்னல் வலது கண்காரர்களுக்காக மூலையில் வைத்தது. இடது கண்ணை வைத்தால் மூக்கு திரையில் நசுங்குகிறது. வலது கண்ணை மட்டும் மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டார். அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எடுத்து முடித்துத் திரையில் படிந்த மூக்கு அச்சைத் துடைத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் படத்தைப் பார்த்தார்.

"எப்படிங்க வந்திருக்கு?"

"நீ கண்ண மூடிட்ட. தலையும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கு."

"சரி, அழிச்சிட்டு இன்னொண்ணு எடுங்க."

"வேணாம்" என்று கேமராவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும்."