பார்க்காமல் சொன்ன குறை

பெங்களூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான் பயிற்சியாளர். போன வருடம் அணித் தேர்வுக்கு நீலசந்திரா பகுதியிலிருந்து வந்த மாணவி ஷாலினியை, உயரம் போதாதென்று பார்த்தவுடனே ஒதுக்கிவிட்டேன். "எதுல குறை மேம்?" என்று விடாமல் கேட்டாள். பேச்சை முடிப்பதற்காக, "லெஃப்ட் ஹேண்ட் வீக்" என்றேன். உண்மையில் அவள் ஆட்டத்தை நான் கவனிக்கவேயில்லை.

இந்த வருடம் மறுபடி வந்தாள். மறித்து நின்ற இருவரையும் தாண்டி, இடது கையாலேயே பந்தைக் கூடைக்குள் போட்டாள்.

"நீங்க சொன்னதுலருந்து டெய்லி லெஃப்ட்லயே ஆடினேன் மேம்."

எனக்குக் கூசியது. "அன்னிக்கு நான் பாக்காமலே சொல்லிட்டேம்மா. தப்பு என்னுது."

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "பரவால்ல மேம், இப்போ பாத்துட்டீங்கல்ல?"

அன்றே அவளைச் சேர்த்துக்கொண்டேன். இப்போதெல்லாம் வருகிற ஒவ்வொருத்தியையும் கடைசிவரை ஆடவிட்டுப் பார்க்கிறேன். வீடு திரும்பத் தாமதமாகிறது, மனம் நிறைந்திருக்கிறது.