புடவைக் கடையில் என் சம்பளம்

தொண்ணூறுகளின் நடுவில் பதுளை நகரத்துப் புடவைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். தமிழும் சிங்களமும் நன்றாகப் பேசுவேன் என்பதால் சீலைப் பகுதியை முதலாளி என்னிடமே விட்டிருந்தார்.

சில வருடங்கள் கழித்து ஒரு சிங்கள இளைஞன் வந்து சேர்ந்தான். சீலை மடிக்கவும் ரவிக்கைத் துணி அளந்து கிழிக்கவும் நான்தான் பழக்கினேன். "அக்கே, அக்கே" என்று சுற்றி வருவான். முதல் சம்பளம் வாங்கிய அன்று பிளேன்டீ குடித்தபடி தொகையைச் சொல்லிவிட்டு, "அக்கேக்கு இன்னும் கூடத்தானே?" என்று அரைத் தமிழில் கேட்டான்.

எனக்கு அதில் பாதிதான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்றிலிருந்து அவன் எதைச் செய்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. அவன் காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்து, சோற்றுப் பொதியில் இருந்த பெரிய மீன் துண்டு, ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்த கதை, எல்லாமே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனவை போலத் தோன்றின. அவன் சிரித்தால்கூட ஆத்திரம் வரும். பிள்ளைகளின் உடுப்புப் பகுதியில் நின்ற சிங்களப் பெண்ணிடம் மெதுவாக விசாரித்தேன். அவளுக்கு அவனைவிடக் குறைவு, என்னைவிடக் கூட. எல்லோருக்கும் கீழே நான்தான். அவள் மீதும் பொறாமைப்பட்டேன்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து முதலாளியிடம் போய், அவனுக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு என்று கேட்டேன்.

"அவன் ஆம்பளப் பிள்ள. நாளைக்கு ஒரு குடும்பத்தப் பாக்கணும்" என்றார்.

"எங்க வீட்ட நான்தாங்க பாக்குறேன். அப்பா இல்லைங்க."

"நீங்க தோட்டத்து ஆளுங்க. லயத்துக்கு வாடகையா குடுக்குறீங்க? செலவு கம்மிதானே?"

"நான் விக்கிற சீலைய மட்டும் கம்மி வெலைக்கா குடுக்குறீங்க முதலாளி?"

அவர் சிரித்தார். அடுத்த மாதம் கொஞ்சம் கூட்டித் தந்து, யாரிடமும் சொல்லாதே என்றார். அப்போதும் அந்தப் பெண்ணின் சம்பளத்தைக்கூட அது எட்டவில்லை.

மறுவருடம் அவன் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பொறாமைப்பட இனி ஆளில்லை என்று நிம்மதியாக இருந்தேன். மறுநாளே முதலாளி, "அவன் பாத்த வேலையையும் நீயே பாத்துக்க" என்றார்.

"அவன் சம்பளமுங்க?"

"அத அப்புறம் பாப்போம்."

தீபாவளி வியாபாரம் முடியும்வரை பார்த்தேன். பிறகு பண்டாரவளையில் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனேன். வேலை என்னவென்று அந்த முதலாளி சொல்லத் தொடங்குமுன் நானே கேட்டேன்:

"இங்க ஆம்பளைங்களுக்கு எவ்வளவுங்க குடுக்குறீங்க?"

அவர் ஒரு தொகையைச் சொன்னார்.

"எனக்கும் அதேதான் வேணுங்க" என்றேன்.

யோசித்துச் சொல்வதாகவும் இரண்டு நாள் கழித்து வரும்படியும் சொன்னார்.